முள்ளும் முகமும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



இலக்கியத் தொடர் ஒன்றிலே மணிக்கூடு திருத்துகிறவனுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆனால் யாழ்ப்பாணத்தில் இலக்கியமும் தொழிற்பட்டறையும் தூரத்து உறவினர் அல்லர். 'பஞ்சமர்' நாவலைத் தந்த கே. டானியல் இந்த ஊரிலே கராஜ் நடத்தியவர். 'மல்லிகை'யைத் தந்த டொமினிக் ஜீவா சலூனிலே தொழில் செய்துகொண்டே எழுத்தாளரானவர். ஆகவே என் கடை மேசையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டென்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் பழைய மோட்டார்க் கார்களின் மானிகள். வேகமானி, ஓயில் மானி, பெற்றோல் மானி, மின்மானி ஆகியவற்றைத் திறந்து துப்புரவாக்கி, மங்கிய முகத்துக்கு மீண்டும் வர்ணம் ஏற்றுகிற வேலை. சில வருடங்களாக மணிக்கூடுகளைவிட இவைதான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. மணிக்கூட்டை இப்போது யார் திருத்துகிறார்கள்? எல்லார் சட்டைப் பையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது.

எண்கள் எழுதிய தகட்டை எங்கள் தொழிலில் முகம் என்போம். அதன்மேல் ஓடுவது முள்ளு. தராசின் நடுவிலே நிற்கும் முள்ளுக்குத் தமிழிலே ஒரு பழைய பெயர் உண்டு: துலைநா, அதாவது தராசின் நாக்கு. முள்ளை நாக்கென்று அழைத்தவன், அது ஏதோ சொல்கிறது, நாம் கேட்கவேண்டும் என்று நினைத்திருக்கிறான். வள்ளுவர் நடுவுநிலைமைக்கு உவமை தேடியபோதும் துலாக்கோலிடந்தான் போனார். முல்லைப்பாட்டின் பாசறைக் காட்சியிலே நீர்க்கடிகையைப் பார்த்து அரசனுக்குப் பொழுதறிவிக்கும் ஆட்கள் வருகிறார்கள். நாழிகையைக் கூட்டியோ குறைத்தோ சொன்னால் படைக்கு என்ன நேரும் என்று அந்த ஆட்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் குடாநாட்டில் பழைய கார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒஸ்ரின் ஏ-40. 1947 இலிருந்து வந்த டெவன், 1952 இலிருந்து 1954 வரை வந்த சோமசெற் என்று அதிலே வகைகள். அடுத்தது 1948 இல் பிறந்த மொறிஸ் மைனர். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி சுருங்கியபோது, இருந்ததைப் பேணவேண்டிய நிலை முழு இலங்கைக்கும் வந்தது. எங்களுக்கு அதன்மேலே போர் வந்தது. 1990 இற்குப் பிறகு பெற்றோல் தடை, உதிரிப்பாகத் தடை, சிறு மின்கலத்துக்குக்கூடத் தடை. வேறிடத்தில் பழைய இரும்புக்குப் போயிருக்கவேண்டிய கார்கள் இங்கே கலியாணத்துக்கு ஓடின, ஆசுப்பத்திரிக்கு ஓடின, பிரேதத்தின் பின்னாலும் ஓடின. ஒரு வேடிக்கை சொல்கிறேன். அதே 1990களில் இதே தீவின் தெற்கிலே மொறிஸ் மைனருக்கான தகரப் பாகங்களைச் செய்து இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு ஏற்றுமதி செய்தார்கள். எங்களுக்கு அவை நிலாவிலே செய்யப்பட்டதுபோலத்தான்.

எங்கள் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் கதையை இளையவர்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். மானிகளின் கதையும் அதற்குள்ளேதான் இருக்கிறது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினை அது எழுப்பாது. ஆகவே சிறு போத்தலிலே பொன்போலச் சேமித்துவைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஏ-40 இன் எஞ்சின் இதற்கு இடங்கொடுத்ததன் காரணம் அதன் அமுக்க விகிதம் குறைவு என்பதே. ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. இக்காலத்துக் கார் எஞ்சின்கள் பத்துக்கு ஒன்று என்று நெருக்குபவை. மண்ணெண்ணெய் கொடுத்தால் தட்டித் தட்டியே செத்துப்போகும். தெருவிலே ஒரு கார் போனால் அரைக் கட்டைக்கு அந்த மணம் நிற்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இன்றைக்கும் மண்ணெண்ணெய் அடுப்பின் அருகில் நின்று கண்ணைத் துடைப்பதைக் கண்டிருக்கிறேன். எல்லாம் புகையால் அல்ல.

ஆனால் முழுதும் ஆவியாகாத மண்ணெண்ணெய் எங்கே போகும்? சிலிண்டர்ச் சுவரில் படிந்திருக்கும் ஓயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அடித்தொட்டியிலுள்ள ஓயில் தண்ணீராகும். தண்ணீரான ஓயிலுக்கு அமுக்கம் இராது, பெயரிங்குகள் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தெரிகிற ஒரே இடம் ஓயில் மானியின் முகம். அந்த வருடங்களில் வாடகைக் கார் ஓட்டிய நல்ல சாரதிகள் வேகமானியைப் பார்த்ததில்லை. வேகத்தைக் கிடங்குகளும் காவலரண்களும் தீர்மானித்தன. அவர்கள் கண் போனது அந்தச் சின்ன முள்ளின்மேல்தான். முள்ளு தாழத் தொடங்கினால் ஓயிலை வடித்து மாற்றவேண்டும். மாற்ற ஓயில் கிடைக்குமா என்பது வேறு கதை.

ஓயில் மானிக்குள்ளே இருப்பது 1849 இல் பிரான்சிலே பூர்டன் என்பவர் காப்புரிமை பெற்ற ஒரு வளைந்த தட்டைக் குழாய். திருவிழாவிலே பிள்ளைகள் ஊத ஊதச் சுருள் விரிகிற கடதாசி ஊதுகுழலைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினின் ஓயில் சிறு குழாய்வழியாக வந்து அழுத்த, இந்த உலோகக் குழாயும் அப்படியே நிமிரப் பார்க்கும். அந்த அசைவை ஒரு சிறு பற்கோல் பெருக்கி முள்ளுக்குக் கொடுக்கும். மின்சாரம் இல்லை, வேறு சூட்சுமமும் இல்லை. மொறிஸ் மைனர் ஆயிரத்தில் இந்த மானியே கிடையாது. எச்சரிக்கை விளக்கு ஒன்றுதான். விளக்கு எரியும்போது அனேகமாகக் காரியம் முடிந்திருக்கும். இதனாலேயே நான் ஏ-40 பக்கம் சாய்கிறவன். மைனர் வைத்திருப்பவர்கள் மன்னிக்கவேண்டும்.

வேகமானி இன்னும் விசித்திரமானது. கியர்பெட்டியிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தின்மேல் கவிழ்த்தாற்போல ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. சுழலும் காந்தம் அலுமினியத்திலே மின்சுழியை எழுப்பிக் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கும். மயிர்போன்ற சுருள்வில் ஒன்று அதைப் பின்னுக்குப் பிடிக்கும். இழுவையும் பிடியும் சமப்படுகிற இடத்தில் முள்ளு நிற்கும். மணிக்கூட்டுக்காரனிடம் வேகமானி வந்துசேர்ந்ததற்கு அந்தச் சுருள்வில்தான் காரணம். இந்த மானிகளில் பெரும்பாலானவற்றைச் செய்த ஸ்மித்ஸ் நிறுவனமும் 1851 இல் லண்டனிலே ஒரு மணிக்கூட்டுக் கடையாகத் தொடங்கியதுதான். எனக்கு அதிலே ஓர் அற்ப சந்தோஷம்.

இனி வேலைக்கு வருவோம். கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தை மெல்லத் திருப்பியோ, அதன் மடித்த காதுகளை நிமிர்த்தியோ கழற்றவேண்டும். அறுபது எழுபது வருட ரப்பர் அதற்குள் பிசினாக ஒட்டியிருக்கும். அவசரப்பட்டால் கண்ணாடி போய்விடும். முள்ளைக் கழற்றமுன் அது எந்த இடத்தில் ஓய்ந்து நிற்கிறது என்று குறிக்கவேண்டும். பிறகு முகத்தின்மேல் கடதாசி வைத்து, இரு தேக்கரண்டிகளை இருபுறமும் செருகி மேலே நெம்பினால் கீறல் விழாது. இதற்கென்று விசேட ஆயுதம் விற்கிறார்கள். என் மனைவியின் தேக்கரண்டிகள் போதும்.

முகம் மங்கிவிட்டது என்று கொண்டுவருகிற பலருக்கு முகத்தில் ஒரு குறையும் இருப்பதில்லை. மானியின் கூட்டுக்கு உட்புறம் வெள்ளை பூசியிருப்பார்கள், பல்ப்பின் வெளிச்சம் தெறித்து முகத்தில் விழுவதற்காக. எங்கள் வெக்கையிலும் உப்புக்காற்றிலும் அந்த வெள்ளை பழுத்துத் தேயிலைச் சாயமாகிவிடும். அதை மாத்திரம் புதிதாகப் பூசிக் கண்ணாடியைக் கழுவிப் போட்டால், உரிமையாளர் முகத்துக்கே வர்ணம் பூசியதாக நினைத்துக்கொண்டு போவார். நான் திருத்திச் சொல்வேன். சிலர் நம்புவதில்லை.

முகத்திலேயே எழுத்து உதிர்ந்திருந்தால்தான் தூரிகை எடுக்கவேண்டும். முதலில் உலர்ந்த மென்தூரிகையால் தூசு தட்டுவது. தண்ணீரோ பெற்றோலோ ஆகாது. எச்சில் தொட்ட பஞ்சுகூடச் சில முகங்களில் எழுத்தையே கொண்டுபோய்விடும். கறுப்பிலும் பல கறுப்பு உண்டு. பழைய ஸ்மித்ஸ் முகத்தின் கறுப்பு மினுங்காது. கடைக் கறுப்பைப் பூசினால் பகல் வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடிபோல அடித்து எண்ணே தெரியாது. எண்களின் வெள்ளையும் பச்சை வெள்ளையல்ல. கொஞ்சம் பாலாடை கலந்தது. முள்ளுக்கு வர்ணம் தடிப்பாகப் பூசவே கூடாது. கடுகளவு பாரம் கூடினாலும் அதன் சமநிலை கெட்டுக் கணக்கும் பிழைக்கும். 1930கள், 40களைச் சேர்ந்த பழைய முகம் ஏதாவது பச்சை கலந்த ஒளிப்பூச்சோடு வந்தால் நான் சுரண்டுவதேயில்லை. அதில் றேடியம் இருக்கலாம். ஒளிர்வது நின்றுவிட்டதே என்று நினைக்கக்கூடாது. களைத்துப்போனது கூடக் கலந்த பூச்சுத்தான். றேடியம் பாதியாகக் குறைய 1600 வருடம் வேண்டும்.

இன்னொன்று. ஸ்மித்ஸ் வேகமானியின் முகத்தடியிலே எறும்பெழுத்தில் ஓர் இலக்கம் இருக்கும். 1600 என்று இருந்தால், கார் ஒரு மைல் ஓடக் கேபிள் 1600 முறை சுற்றவேண்டும் என்பது பொருள். எந்தக் காருக்கு எந்த மானி பொருந்தும் என்று சொல்வது அந்த இலக்கமே. முகத்தை அழகாகத் திரும்ப எழுதுகிறவர்கள் பெரிய எண்களை எழுதிவிட்டு இந்தச் சிறு எழுத்தை விட்டுவிடுகிறார்கள். யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு. அடுத்த தலைமுறையில் அதைத் திறக்கிறவன் குருடனாகிறான்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையை நினைப்பேன். 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியவர். தொட்டால் உதிர்கிற ஏடுகளோடு வாழ்ந்த மனிதர். ஏட்டிலே இருப்பதற்கும் தான் ஊகிப்பதற்கும் இடையே கோடு கிழிப்பது பதிப்பாசிரியன் வேலை. சிதைந்த இடத்தில் புள்ளியிடுவான். தன் சொந்தச் சீரை நுழைத்து ஓசை நிரப்பமாட்டான். மானியின் முகமும் ஓர் ஏடுதான். ஆனால் ஏட்டுக்கு வாடிக்கையாளர் வந்து நின்று வாதாடுவதில்லை. எனக்கு வருகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் நல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கனடாவிலே இருப்பவர், விடுமுறையில் வந்திருந்தார். துவாயில் சுற்றியபடி ஒரு ஏ-40 இன் மானிகளை மேசையில் வைத்தார்.

"அண்ணை, அப்பாவின்ரை கார். தங்கச்சியின்ரை மகளுக்குக் கலியாணம். மாப்பிளையை உதிலைதான் ஏத்திவரப்போறம். எல்லாம் புதுசுபோல வேணும். மைலை எடுத்துப்போட்டுக் கிலோமீற்றர் எழுதிவிடுங்கோ. ஓடின கணக்கையும் சைபருக்குக் கொண்டுவாங்கோ."

ஓடின கணக்கு 63,418 இல் நின்றது. ஏன் அதில் நின்றது என்று அவருக்குத் தெரியாது. அவர் 1980களிலேயே வெளிநாடு போனவர். அடுத்த நாள் அவருடைய தாயார் வந்திருந்தார். எண்பதைத் தாண்டிய மனுசி. கதிரையில் இருத்திப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஐயோ தம்பி, அது இடம்பெயரேக்கை அறுந்தது. நாவற்குழிப் பாலம் தாண்டிக் கைதடி வரேக்கை முள்ளு ஒருக்கா ஆடிப்போட்டு விழுந்திட்டுது. இவர் சொன்னார், இனி எவ்வளவு தூரம் போறமெண்டு எங்களுக்குத் தெரியத் தேவையில்லையெண்டு."

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்த நாள். அந்த ஒரு காருக்குள்ளே பதினொரு பேர் இருந்தார்களாம். மேலே இரண்டு சைக்கிள், ஒரு தையல் மெசின். நல்லூரிலிருந்து சாவகச்சேரி ஏறத்தாழப் பத்து மைல். அவர்களுக்கு விடிந்து மத்தியானம் ஆகியது. 1996 இல் திரும்பி வந்தபின்னும் கேபிள் கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தபோது தகப்பனார் மாற்ற விரும்பவில்லை.

மகன் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்வி. "அதுக்குப் பிறகும் கார் ஓடித்தானே இருக்கு. அதுக்கு முதலும் அந்த ஐந்து எண்ணும் 99,999 தாண்டி ஒருக்காவேனும் சுத்தியிருக்கும். அப்ப உந்த எண் ஏற்கெனவே பொய்தானே? சைபரும் ஒரு பொய்யெண்டால் என்ன?"

தூரக் கணக்காக அது பொய்தான். மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொய்யை யாரும் எழுதவில்லை. நடந்தது தானாக எழுதியது. ஏட்டிலே பிழையான பாடம் இருந்தாலும் அது ஏட்டின் பாடம். சைபர் என்பது என் கையால் நான் எழுதுகிற பாடம். இதை நான் அவ்வளவு ஒழுங்காகச் சொன்னேனோ தெரியாது. தாயார்தான் முடித்துவைத்தார்: "அதை விடு ராசா. கொப்பர் விட்டது." கிலோமீற்றர் விடயத்தில் ஒரு சிறு அட்டை எழுதிக் கொடுத்தேன், 30 மைலுக்கு 48, 40 மைலுக்கு 64. வெயில் மறைப்பின் பின்னால் ஒட்டிக்கொண்டார்.

முகங்கள் நன்றாக வந்தன. பெற்றோல் மானியிலே எழுத்து ஒன்றை மாத்திரம் எழுதவேண்டியிருந்தது. ஓயில் மானியின் முகத்தில் தூரிகையே படவில்லை. அதைக் காற்றமுக்கத்தில் வைத்து இன்னொரு நல்ல மானியோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றையே சொல்லின. பூட்டிக்கொடுத்தேன். கேபிள் கொழும்பிலே பஞ்சிகாவத்தையிலிருந்து வரவேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து வந்தார். முகம் சரியில்லை, அவருடைய முகத்தைத்தான் சொல்கிறேன். எஞ்சின் சூடேறி ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 40, 50 இறாத்தலில் நிற்கவேண்டிய ஓயில் முள்ளு 15 ஐத் தாண்டவில்லை. மானி பிழை என்றார். காருக்கே போய், ஒப்பிட்ட மற்ற மானியைப் பூட்டிக் காட்டினேன். அதுவும் 15. கழற்றிய பழைய ஓயிலை விரலில் தொட்டு உருட்டிப் பார்த்த கராஜ்காரர் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார்.

"அண்ணை, கலியாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான். முள்ளைக் கழட்டிக் கொஞ்சம் மேலை தள்ளிக் குத்திவிடுங்கோ. பக்கத்திலை இருக்கிற மாப்பிளை வீட்டார் பாத்தால் நல்லாயிருக்கட்டும். கலியாணம் முடியப் பாப்பம்."

செய்யலாம். அரை நிமிட வேலை. அந்த முள்ளு அச்சிலே வெறும் இறுக்கத்தால் நிற்பது. எந்த இடத்திலும் குத்தலாம். நாற்பதில் குத்தினால் எஞ்சின் உடைந்து நிற்கிற நொடிவரையும் ஏறத்தாழ நாற்பதிலேயே நிற்கும். எங்கள் தொழிலின் பயங்கரம் இதுதான், நேயர்களே. முடியாது என்றேன். வேறு ஆளிடம் கொண்டுபோவேன் என்று கோபப்பட்டார். கொண்டுபோகலாம், ஆனால் என் கையால் செய்யமாட்டேன் என்றேன். அன்றைக்குத் தேநீர் குடிக்காமலே போய்விட்டார்.

அவர் வேறு ஆளிடம் போகவில்லை. மாப்பிள்ளை வாடகை வானில் வந்தார். ஏ-40 கழுவித் துடைத்துப் பூமாலையோடு பந்தல் வாசலில் வாழைக்குலைக்குப் பக்கத்தில் நின்றது. எல்லாரும் அதன் அருகே நின்று படம் எடுத்தார்கள். எஞ்சினை இறக்கித் திறந்தபோது பெயரிங் ஓடுகளின் வெள்ளை உலோகம் தேய்ந்து அடிச்செம்பு தெரிந்தது. ஐந்து வருட மண்ணெண்ணெயின் வேலை. புதிய ஓடுகள் இங்கிலாந்திலிருந்து வர நான்கு மாதம் எடுத்தது. காசை மகன்தான் கனடாவிலிருந்து அனுப்பினார். கூடவே என் கடைக்கு ஒரு தேயிலைப் பெட்டியும் வந்தது. கனடாவிலிருந்து இலங்கைக்குத் தேயிலை!

கேபிளைப் பூட்டியபின் கண்டி வீதியில் கிலோமீற்றர்க் கல்லுக்குக் கல் ஓட்டிச் சரிபார்த்தோம். 30 மைல் வேகத்தில் ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 75 விநாடி வேண்டும். முள்ளு 32 காட்டியது. இப்போது போட்டிருக்கும் ரயர் பழைய அளவுக்குச் சற்றுச் சிறிது. அதனால் கூடக் காட்டுகிறது. அப்படியே விட்டேன். அந்தச் சரிபார்ப்பு ஓட்டத்தில் மானி மூன்று மைல் நகர்ந்தது.

போன மாதம் பேரன் ஓட்ட, அந்தத் தாயார் முன்சீற்றில் இருந்து சாவகச்சேரிக்கு ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வந்தாராம். கார் அதற்கிடையில் வேறெங்கும் போகவில்லையென்றால் கணக்கு இப்போது 63,441 அளவில் நிற்கவேண்டும்.